ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களுக்கான மானியத்தை உண்மையில் யார் கண்காணிக்கிறார்கள்?

கேள்வி: ஆஸ்திரேலிய அரசு பூர்வகுடி மக்களுக்குக் கோடி கோடியாகக் கொடுக்கிறது, கண்காணிக்க ஆள் இல்லாததால் பணம் அவர்களைப் போய்ச் சேர்வதில்லை என்கிறார்களே, உண்மையா?

நான் டார்வினில் கணக்காளராக வேலை செய்கிறேன். வடக்குப் பிரதேசத்தில் பூர்வகுடி மக்களே நடத்தும் சில சிறிய அமைப்புகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மானியக் காலம் முடிந்ததும் வாங்கிய காசை எதற்குச் செலவழித்தோம் என்று ஒப்புவிக்கும் ‘அக்விட்டல்’ அறிக்கையைத் தயாரித்து அனுப்புவதும் என் வேலைதான். அதனால் தயங்காமல் சொல்வேன்: கண்காணிப்புக்கு இங்கே பஞ்சமே இல்லை. எதைக் கண்காணிக்கிறார்கள் என்பதில்தான் எனக்கு வருத்தம்.

முதலில் அந்தக் கோடிகள். பூர்வகுடி மக்களுக்கென்று நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் அமைப்பை அரசியலமைப்பில் சேர்க்கலாமா என்று 2023 அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பு நேரத்தில் பெரிய பெரிய தொகைகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மத்திய அரசின் ஆய்வு, ஆலோசனை அமைப்பான உற்பத்தித்திறன் ஆணையம் 2017இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2015–16இல் மத்திய, மாநில அரசுகள் எல்லாம் சேர்ந்து இவர்களுக்காகச் செய்த செலவு சுமார் 3,340 கோடி டாலர். ஆனால் அதில் 82 சதவீதம், எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவான பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, போலீஸ் போன்றவற்றில் இவர்கள் பங்கு என்று கணக்கிட்டது. ஒருவரைச் சிறையில் வைத்திருக்க ஆகும் செலவும் அதற்குள் வந்துவிடும். அதையும் உதவிக் கணக்கில் சேர்த்துப் பேசுவதைக் கேட்டால் எனக்கு மனசு ஆறாது. இவர்களுக்கென்றே தனியாக நடத்திய திட்டங்களின் பங்கு சுமார் 600 கோடி. அந்த 600 கோடியிலும் எல்லாமே மானியமாகப் போவதில்லை.

மத்திய அரசின் மானியங்களில் பெரும்பகுதி 2014இல் ஒரே குடையின்கீழ் வந்தது. 150க்கும் மேற்பட்ட சின்னச் சின்னத் திட்டங்களை ஐந்தாகச் சுருக்கினார்கள். அப்போது அது பிரதமர் அலுவலகத் துறையிடம் இருந்தது. 2019 ஜூலையிலிருந்து தேசியப் பூர்வகுடி ஆஸ்திரேலியர் முகமை கவனிக்கிறது. முதல் சுற்றிலேயே இரண்டாயிரத்துக்கும் மேல் விண்ணப்பங்கள். அந்தச் சுற்று நடந்த விதத்தைத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2017 பிப்ரவரியில் கடுமையாகக் குறை சொன்னது. வழிகாட்டு விதிகளில் சொன்னபடி விண்ணப்பங்களை மதிப்பிடவில்லை, முக்கியமான முடிவுகளுக்குப் பதிவேடு இல்லை, நிதி பெற்ற எல்லாப் பணிகளுக்கும் இலக்கு வைக்கவில்லை என்றது. கவனியுங்கள், தவறியது பணம் கொடுத்த பக்கம். ஒரு சிறிய சமூக அமைப்பு இப்படிப் பதிவேடு இல்லாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஏனென்றால் வாங்குகிற பக்கத்தில் பிடி இறுக்கமாக இருக்கிறது. பூர்வகுடி அமைப்புகளுக்கென்றே 2007 ஜூலையில் நடைமுறைக்கு வந்த தனிச் சட்டமும் தனிப் பதிவாளரும் உண்டு. ஆண்டறிக்கையைக் கொடுக்காமல் இருக்க முடியாது. நிலைமை மோசம் என்று தோன்றினால் பதிவாளர் சிறப்பு நிர்வாகியை நியமித்து அமைப்பையே கையில் எடுத்துக்கொள்ளலாம். அது போக, ஒவ்வொரு மானியத்துக்கும் தனித்தனி அறிக்கை. ஒரு அமைப்பு ஐந்தாறு இடங்களில் மானியம் வாங்கினால் ஐந்தாறு படிவம், ஐந்தாறு கெடு தேதி.

ஒரு உதாரணம் சொல்கிறேன். இங்குள்ள பல ஊர்களில் இரவு ரோந்து உண்டு. 1980களில் டென்னன்ட் கிரீக் என்ற ஊரில் பூர்வகுடி மக்களே தொடங்கிய வழக்கம் அது. இருட்டிய பிறகு ஊர்க்காரர்களே, பல இடங்களில் வயதான பெண்களே, ஒரு டொயோட்டா வண்டியில் சுற்றி வருவார்கள். வெளியில் திரியும் பிள்ளைகளை வீட்டில் விடுவார்கள், குடித்துவிட்டுத் தள்ளாடுபவரை ஏற்றிக்கொள்வார்கள், சண்டை முற்றும் முன்பே போய்ப் பேசுவார்கள். நான் கணக்குப் பார்க்கும் ஓர் ஊரில் கால்பந்து ஆட்டம் முடிந்து இரண்டு குடும்பங்களுக்குள் தகராறு மூண்டது. ரோந்துப் பெண்கள் நள்ளிரவு தாண்டும்வரை இரண்டு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து பேசி அடக்கினார்கள். யாருக்கும் அடி இல்லை, போலீஸ் வரவில்லை. அன்றைய படிவத்தில் ‘வண்டியில் ஏற்றிச் சென்றவர்கள்’ என்ற கட்டத்தில் பூஜ்யம். அந்தக் காலாண்டில் எண்ணிக்கை குறைந்துவிட்டது, காரணம் கூறவும் என்று மானியம் கொடுத்த அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. நடந்ததை விரிவாக எழுதி அனுப்பினேன். அடுத்த காலாண்டுக்கும் அதே கட்டம்தான் வந்தது.

அதே ஊரில் டயர் கதை ஒன்று. செம்மண் சாலை வரி வரியாகக் கிடக்கும், டயர் நிற்காது. வண்டிப் பராமரிப்புக்கு ஒதுக்கியது பாதி வருஷத்தில் தீர்ந்துவிட்டது. சம்பளத் தலைப்பில் பணம் மிச்சம் இருந்தது, ஏனென்றால் மழைக்காலத்தில் சாலை துண்டித்து, புது ஆளை அனுப்ப முடியவில்லை. ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற அனுமதி கேட்டுக் காத்திருந்த வாரங்களில் வண்டி ஷெட்டில் நின்றது. வருஷ முடிவில் மிச்சப் பணத்தைத் திருப்பிக் கட்டினோம். ரசீதெல்லாம் சரியாக இருந்தது, தணிக்கையாளர் ஒரு குறையும் சொல்லவில்லை. ரோந்து இல்லாத இரவுகள் மட்டும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

மேற்பார்வையே வேண்டாம் என்று சொல்லவில்லை. பணத்தைத் தின்றவர்களும் இருக்கிறார்கள். எல்லா இடத்திலும் இருப்பதுபோல இங்கேயும். நான் கேட்பது, பலன் கிடைத்ததா என்று சொல்லும் உரிமை அந்த ஊர் மக்களுக்கு வேண்டும் என்பதுதான்.

அந்தத் திசையில் ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. 1976ஆம் ஆண்டின் நில உரிமைச் சட்டப்படி, வடக்குப் பிரதேசப் பூர்வகுடி நிலத்தில் இயங்கும் சுரங்கங்களின் ராயல்டிக்கு ஈடான தொகையை மத்திய அரசு ஒரு தனிக் கணக்கில் போடுகிறது. நிலம் இவர்களுடையது, அந்த வகையில் பணமும் இவர்களுடையது. ஆனாலும் அதிலிருந்து மானியம் யாருக்கு என்று முடிவு செய்தது நீண்ட காலமாக மத்திய அமைச்சர்தான். ஆலோசனைக் குழு பரிந்துரைக்கலாம், அவ்வளவே. 2021 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி, அந்த மானிய முடிவுகளை எடுக்கத் தனிக் கழகம் ஒன்றை உருவாக்கி, 50 கோடி டாலர் மூலதனமும் மூன்று வருஷத்துக்கு ஆண்டுக்கு 6 கோடியும் அதற்கு ஒதுக்கினார்கள். பன்னிரண்டு பேர் கொண்ட அதன் குழுவில் எட்டுப் பேர், பூர்வகுடி நில உரிமையாளர்கள் சார்பில் இயங்கும் நான்கு நில மன்றங்களிலிருந்து வருகிறார்கள். பூர்வகுடிச் சமூக அமைப்புகளின் கூட்டமைப்பும் மத்திய, மாநில அரசுகளும் 2020இல் செய்துகொண்ட தேசிய ஒப்பந்தமும், சேவைகளைச் சமூகங்களின் கைக்கே மாற்ற வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆனால் எங்கள் மேஜைக்கு வரும் ஒப்பந்தங்கள் இன்னும் குறுகிய காலத்துக்குத்தான். வேலை அடுத்த வருஷம் இருக்குமா என்று தெரியாமல் ஒரு செவிலியரையோ இளைஞர் நலப் பணியாளரையோ தூர ஊரில் எப்படி நிறுத்தி வைப்பது?

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் நீங்களே பாருங்கள். மத்திய அரசு மானியங்களை 2017 கடைசியிலிருந்து ‘கிராண்ட்கனெக்ட்’ தளத்தில், அமலுக்கு வந்த 21 நாளுக்குள் வெளியிட வேண்டும். பூர்வகுடி அமைப்புகளின் விதிப்புத்தகம், இயக்குநர்கள், நிதியறிக்கைகள் எல்லாம் பதிவாளரின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓர் ஊரை எடுத்துக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு என்ற வரியை முதலில் பாருங்கள்.