பிசிக்ஸை விடுவதற்கு முன் அந்த ஸ்ப்ரிங் கணக்கைப் பாருங்கள் அண்ணே

அண்ணே, மகளின் நோட்டைப் படம் எடுத்து அனுப்பி, படிவம் ஆறில் பிசிக்ஸை விட்டுவிட்டு வேறு பாடம் எடுக்கட்டுமா, பிள்ளை தினமும் அழுகிறாள் என்று கேட்டிருந்தீர்கள். முழுதும் பார்த்தேன். பாடம் தெரியாத பிள்ளை இல்லை, ஒரே பள்ளத்தில் திரும்பத் திரும்ப விழுகிறாள், அவ்வளவுதான்.

கணக்கு இது: 20 செண்டிமீட்டர் ஸ்ப்ரிங், ஒரு முனை மேசை நடுவில், மறுமுனையில் 100 கிராம் எடை, உராய்வு இல்லாமல் வினாடிக்கு 10 ரேடியன் சுற்றுகிறது, ஸ்ப்ரிங் மாறிலி, அதாவது அதை நீட்டத் தேவையான விசை, மீட்டருக்கு 40 நியூட்டன். எவ்வளவு நீளும்? அவள் ஆரத்தை 20 என்றே வைத்து 5 செண்டிமீட்டர் என்று எழுதிவிட்டாள். ஸ்ப்ரிங் நீண்டால் வட்டமும் பெரிதாகும், பெரிய வட்டத்துக்கு மையநோக்கு விசை, அதாவது எடையை நடுவை நோக்கி இழுக்கும் விசை, கூடுதலாக வேண்டும், அதற்காக ஸ்ப்ரிங் இன்னும் கொஞ்சம் நீளும். ஆக ஆரத்தில் நீட்சியையும் சேர்க்க வேண்டும், சேர்த்தால் விடை 6.7 செண்டிமீட்டர். சுழற்சியை 20 ரேடியன் ஆக்கச் சொல்லுங்கள், விடையே வராது, எவ்வளவு நீண்டாலும் அந்த ஸ்ப்ரிங்கால் எடையைப் பிடித்து நிறுத்த முடியாது, பிய்ந்துதான் போகும்.

இது உங்களுக்கே தெரிந்த விஷயம். செம்பனை வரிசையில் தோளில் மாட்டிக்கொண்டு போகிறீர்களே, அந்தப் புல்வெட்டும் மெஷின், மெதுவாக ஓடும்போது எஞ்சின் சத்தம் இருக்கும், கத்தி சுற்றாது. உள்ளே கிளட்ச் கட்டைகளை ஸ்ப்ரிங் இழுத்து வைத்திருக்கிறது. முறுக்கினால் வேகம் கூடி, கட்டைகள் ஸ்ப்ரிங்கை மீறி வெளியே போய் டிரம்மை அழுத்தும், அப்புறம்தான் கத்தி திரும்பும். ஸ்ப்ரிங் தளர்ந்த பழைய மெஷினில் முறுக்காமலே கத்தி சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள்.

அவள் மெக்கானிக்கல் படிக்க ஆசைப்படுகிறாள் என்றீர்கள். பிசிக்ஸ் இல்லாவிட்டால் பெரும்பாலான பொறியியல் பட்டப்படிப்புகளின் கதவு சாத்திக்கொள்ளும், படிவம் ஆறில் பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதும் எஸ்டிபிஎம் தேர்வு முடிந்தபிறகு அழுது பயனில்லை. முதல் பருவத் தாளில் சறுக்கினாலும் மறுபடி எழுத வழி உண்டு. போலிடெக்னிக் டிப்ளோமாவும் நல்ல வழிதான், ஆனால் அதை அவள் விரும்பி எடுக்கட்டும், பயந்து வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட் பக்கம் வருவேன். ஸ்டோரில் பழைய கிளட்ச் ஏதும் கிடந்தால் கழற்றி வையுங்கள், பிள்ளையையும் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.