பிடித்து வைத்திருக்கும் ராணி எறும்பு எந்த இனம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மழை விட்டதும் தரையில் இறக்கை இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெரிய கறுப்பு எறும்பைப் பிடித்து டெஸ்ட் ட்யூபில் போட்டுவிட்டு, "இது ராணிதானா, என்ன இனம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்நேரம் யாராவது "காம்போனோட்டஸ்" என்று ஒரு பேரினத்தின் பெயரைச் சொல்லி ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்கள். கறுப்பாக, பெரிதாக எது இருந்தாலும் அந்தப் பெயர்தான் வரும். அந்த ஒரு வார்த்தையை நம்பி நான் ஒரு ராணியைப் பட்டினி போட்டுச் சாகடித்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பூச்சியியல் படித்தவன் இல்லை. படித்தவர்கள் திருத்தினால் சந்தோஷம்.

ராணியா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள், அது சுலபம். மார்பைப் பாருங்கள். பறப்பதற்கான தசை உள்ளே இருந்ததால் ராணியின் மார்பு மேலே புடைத்து, தலையை விடத் தடிமனாகத் தெரியும். இறக்கை உதிர்ந்த இடத்தில் பக்கத்துக்கு இரண்டு சின்னத் தழும்புகள் இருக்கும். தலை பெரிதாக இருந்து மார்பு ஒல்லியாக இருந்தால் அது பெரிய வேலைக்கார எறும்பு, எவ்வளவு நாள் வைத்திருந்தாலும் ஒன்றும் நடக்காது. இறக்கையோடு, தலை சிறுத்து, கண் மட்டும் பெரிதாக இருந்தால் ஆண். நேரான உணர்கொம்பும், இடுப்பே இல்லாத உடம்பும், ஒரே அளவில் நான்கு இறக்கையும் இருந்தால் ஈசல், எறும்பே இல்லை. உடம்பு முழுக்க வெல்வெட் மாதிரி முடி, அதுவும் சிவப்பும் கறுப்புமாக இருந்தால் தயவு செய்து கையில் எடுக்காதீர்கள், அது இறக்கையில்லாத பெண் குளவி, கொட்டினால் உயிர் போகும் வலி.

சரி, என் கதை. நான் பிடித்ததும் உங்களுடையது மாதிரிதான். கறுப்பு, ஏறக்குறைய 14 மில்லிமீட்டர், புடைத்த மார்பு, நான்கு தழும்பு, சந்தேகமே இல்லாத ராணி. பிடிக்கும்போது ஆள்காட்டி விரலில் சுரீரென்று ஒன்று வைத்தது, இரண்டு நாள் வீக்கம். கடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ட்யூபோடு சேர்த்து மங்கலாக ஒரு படம் எடுத்துப் போட்டேன். பத்தே நிமிடத்தில் பதில்: "காம்போனோட்டஸ். தீனி வேண்டாம். இருட்டில் வைத்து ஒரு மாதம் மறந்துவிடுங்கள்." எழுதியவர் அனுபவசாலி, ஐம்பது காலனி வைத்திருப்பவர் என்று சொன்னார்கள். நானும் மறந்துவிட்டேன்.

அவர் சொன்னது காம்போனோட்டஸுக்கு முழுக்கச் சரி. அந்த ராணிகள் இனி தேவைப்படாத இறக்கைத் தசையைக் கரைத்து அதிலிருந்தே முதல் குஞ்சுகளுக்கு ஊட்டும், வாயில் எதுவும் படாமலே வாரக்கணக்கில் இருக்கும். என்னிடம் இருந்தது அது இல்லை என்பதுதான் பிரச்சினை. மூன்றாவது வாரம் திறந்து பார்த்தபோது ஐந்தாறு முட்டை இருந்தது. ராணி முட்டைப் பக்கம் நிற்காமல் ட்யூபை அடைத்திருந்த பஞ்சைக் கடித்துக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் பிடிக்கவில்லை போல என்று இன்னொரு சுற்றுக் கறுப்புத் துணி சுற்றினேன்! வெளியே போய் இரை தேட வழி கேட்கிறது என்று இப்போது புரிகிறது, அப்போது புரியவில்லை. அடுத்த முறை பார்த்தபோது முட்டை இல்லை, தானே தின்றிருக்கிறது. நாற்பது நாள் தாண்டியதும் கால் மடங்கிக் கிடந்தது.

செத்த பிறகுதான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இடுப்பில், அதாவது மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே, ஒரே கணு (சின்ன மேடு), அதுவரை காம்போனோட்டஸ் மாதிரிதான். ஆனால் காம்போனோட்டஸுக்கு அந்தக் கணு மெலிதாக, செதில் நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும், இதற்குத் தடித்த கட்டையாக இருந்தது. வயிற்றில் முதல் பட்டைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே நூல் கட்டி இறுக்கியது போல ஒரு பள்ளம். நுனியில் கொடுக்கு. பொனெரைன் என்ற துணைக்குடும்பம். அதில் பெரும்பாலான ராணிகள் தனியாகக் கூடு தொடங்கும்போது வெளியே போய் வேட்டையாடித்தான் முதல் குஞ்சுகளை வளர்க்கும். காம்போனோட்டஸ் கொட்டவே கொட்டாது, அதற்குக் கொடுக்கே கிடையாது, கடித்துவிட்டு ஃபார்மிக் அமிலம் பீய்ச்சும், அவ்வளவுதான். ஆக என் விரலுக்கு முதல் நாளே இனம் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

லென்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் நல்ல லென்ஸ் ஒன்று வைத்திருந்தேன். பழைய நாணயம் பார்க்க வேண்டும் என்று மாமா பையன் வாங்கிப் போனான், "ரெண்டு நாள்ல தர்றேன்" என்று. வருடம் மூன்றாகிறது. கேட்டால் "எறும்பு பாக்கத்தானே, போன்ல ஜூம் பண்ணிக்கோ" என்கிறான். போன் கேமரா முடிகளையெல்லாம் வழித்து மெழுகு பொம்மை மாதிரி ஆக்கிவிடுகிறது, அதில் எங்கே கணுவை எண்ணுவது?

கணு எண்ணத்தான் லென்ஸ் வேண்டும். ஒரு கணுவா இரண்டா என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. இரண்டு கணு இருந்தால் பெரும்பாலும் மிர்மிசின் என்ற துணைக்குடும்பம், அந்தப் பக்கம் போங்கள். அங்கே உணர்கொம்பில் எத்தனை துண்டு என்று எண்ணலாம்: 10 அல்லது 11 துண்டு, நுனியில் இரண்டு தடித்திருந்தால் பெரும்பாலும் சொலினாப்சிஸ் பேரினம், 12 துண்டு, நுனியில் மூன்று தடித்திருந்தால் பெரும்பாலும் ஃபீடோல். வயிறு இதய வடிவில் இருந்து, இடுப்பு அதன் மேல் பக்கத்தில் போய் ஒட்டியிருந்தால் கிரெமாட்டோகாஸ்டர். இதற்கு மேல் இனப் பெயர் வரை போக நானே முயல்வதில்லை. பெயர் வைத்த எறும்பினங்கள் 14,000க்கு மேல், அடையாள அட்டவணைகள் பெரும்பாலும் வேலைக்கார எறும்புகளை வைத்து எழுதியவை, ராணியை மட்டும் பார்த்து இனம் சொல்கிறவர்கள் பல நேரம் ஊகிக்கிறார்கள். முதல் வேலைக்காரிகள் பிறக்கட்டும், அப்போது கேளுங்கள். ஆனால் முதல் ஈடு வழக்கத்தை விடச் சிறுத்திருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பேரினம் சரியாகத் தெரிந்தாலும் ஏமாறும் இடங்கள் உண்டு. லேசியஸ் பேரினத்தில் லேசியஸ் அம்ப்ராட்டஸ் என்ற இனத்தின் ராணி தனியாகக் கூடு தொடங்காது, வேறு லேசியஸ் கூட்டுக்குள் புகுந்துதான் பிழைக்கும், ட்யூபில் தனியாக வைத்தால் வீண். டயகாம்மா பேரினத்தில் ராணி என்ற உருவமே கிடையாது, வேலைக்காரிகளில் இணை சேர்ந்த ஒன்றுதான் முட்டையிடும், டயகாம்மா வேலைக்காரியைப் பிடித்து "ராணி பிடித்தேன்" என்று படம் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் இறக்கை உதிர்ந்திருந்தாலே இணை சேர்ந்தாயிற்று என்று அர்த்தமில்லை. சேராத ராணியும் இறக்கையை உதிர்த்து முட்டையிடும், ஆனால் கருவுறாத முட்டையிலிருந்து ஆண்கள் மட்டும்தான் வரும்.

உங்களுடையது எது என்று உறுதியாகத் தெரியும் வரை வாரம் ஒருமுறை குண்டூசித் தலையளவு சர்க்கரைத் தண்ணீர், கொன்ற சின்னப் பூச்சியில் ஒரு துண்டு வையுங்கள். வேண்டாத ராணி தொடாது, மறுநாள் பூஞ்சை பிடிக்கும் முன் எடுத்துவிடுங்கள். "தொந்தரவு செய்தால் முட்டையைத் தின்றுவிடும்" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். தின்னலாம்தான். தின்றால் மறுபடி இடும், செத்த ராணி இடாது. லேசியஸ் நைஜர் ராணி ஒன்று வளர்ப்பில் 28 ஆண்டுக்கு மேல் வாழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது, என்னுடையது நாற்பது நாள்.

படம் போடுவதென்றால் ட்யூபை ஓரிரு நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஓட்டம் அடங்கும். பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று, மேலிருந்து ஒன்று, கூடவே மில்லிமீட்டர் அளவுகோல். எந்த இடத்தில், எந்த நேரத்தில் கிடைத்தது என்று எழுதுங்கள். பிடிக்கும்போது கொட்டியதா என்பதையும்.