சந்தா மென்பொருள் நிறுவனத்தில் மகளுக்கு வேலை: தயங்கும் தந்தைக்கு ஒரு பதில்

அன்புள்ள ஐயா,

கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகளுக்கு, நிறுவனங்களுக்குச் சந்தா முறையில் மென்பொருள் வழங்கும் ஒரு கம்பெனியில் 'கஸ்டமர் சக்சஸ்' பிரிவில், அதாவது சந்தா கட்டியவர்கள் மென்பொருளால் பயனடைந்து தொடர்ந்து நீடிக்கப் பார்த்துக்கொள்ளும் பிரிவில், வேலை கிடைத்திருக்கிறது. "நான்கு வருடம் புரோகிராம் எழுதப் படித்துவிட்டு வாடிக்கையாளரிடம் போனில் பேசப் போவதா? மாதச் சந்தாவை நம்பிப் பிழைக்கும் கம்பெனி எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்வி தெளிந்தால்தான் முதலாவதற்கு விடை சொல்ல முடியும். எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மாதக் கட்டணம் நேற்று முளைத்த யோசனை அல்ல. கணினி ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்த காலத்தில் பெரும்பாலானவர்கள் அதை வாடகைக்குத்தான் எடுத்தார்கள். அமெரிக்காவில் 1949-ல் தொடங்கி, பின்னாளில் ஏடிபி என்று பெயர் பெற்ற நிறுவனம், மற்ற நிறுவனங்களின் சம்பளக் கணக்கைக் கட்டணத்துக்குப் போட்டுக் கொடுத்தது. இன்றும் அது அதே தொழிலில் இருக்கிறது. தொலைபேசியைப் போலக் கணினியும் ஒருநாள் பொதுச் சேவையாகலாம் என்று கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி 1961-லேயே அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக நூற்றாண்டு விழாவில் பேசிவிட்டார். பிறகு கணினி மலிந்து மேசைக்கு மேசை வந்தது. எல்லோரும் சொந்தமாக வாங்கத் தொடங்கினார்கள்.

தொல்லையும் அங்கேதான் தொடங்கியது. 1990-களில் ஒரு நிறுவனம் விற்பனைப் பிரிவுக்கு மென்பொருள் வாங்க வேண்டுமென்றால் முதலில் உரிமத்துக்குப் பெருந்தொகை கொடுக்க வேண்டும். அதற்கென்று சர்வர் (மென்பொருளை ஓட்டும் கணினி), தகவல்களைச் சேர்த்து வைக்கும் தரவுத்தளம், பொருத்திக் கொடுக்கும் ஆலோசகர்கள் என்று செலவு தொடரும். ஓடத் தொடங்க மாதக்கணக்காகும், சில இடங்களில் ஆண்டுக்கணக்காகும். ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் தனி. இவ்வளவும் செய்து ஊழியர்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றாலும் நட்டம் வாங்கியவருக்குத்தான். விற்றவர் பணத்தை எண்ணி வைத்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரைத் தேடிப் போயிருப்பார்.

இதைத் தீர்க்க அந்தப் பத்தாண்டின் கடைசியில் 'ஏஎஸ்பி' (அப்ளிகேஷன் சர்வீஸ் புரொவைடர்) என்ற பெயரில் சில நிறுவனங்கள் கிளம்பின. பழைய மென்பொருளையே தங்கள் சர்வரில் ஏற்றி இணையம் வழியே வாடகைக்கு விட்டன. பெரும்பாலானவை நிலைக்கவில்லை, அவற்றுள் பெயர் பெற்ற யுஎஸ்இன்டர்நெட்வொர்க்கிங் 2002-ல் திவால் மனு போட்டது. காரணத்தை உங்கள் மகள் அவசியம் புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிப் பிரதி, தனி சர்வர், தனிப் பராமரிப்பு என்று போனதால், வாடிக்கையாளர் கூடக் கூடச் செலவும் அதே வேகத்தில் கூடியது.

தரவுத்தள மென்பொருள் நிறுவனமான ஆரக்கிளில் பணியாற்றிய மார்க் பெனியாஃப் மூன்று பொறியாளர்களோடு சேர்ந்து 1999-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு குடியிருப்பில் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ், விற்பனைப் பிரிவுகளுக்கான மென்பொருளை இணையம் வழியே வழங்குவதில் வேறு வழியில் போனது. எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரே மென்பொருள், பகிர்ந்துகொள்ளும் தரவுத்தளம். அதில் எந்தப் பதிவு எந்த வாடிக்கையாளருடையது என்பதை ஓர் அடையாள எண் காட்டிவிடும். ஒருமுறை திருத்தினால் எல்லோருக்கும் திருந்திவிடும். அப்போது விற்பனைப் பிரிவு மென்பொருளில் ராஜாவாக இருந்த சீபெல் நிறுவனத்தின் மாநாட்டு வாசலில், 2000-ல், 'மென்பொருள் ஒழிக' என்று நடிகர்களை வைத்துப் போலிப் போராட்டம்கூட நடத்தினார்கள். மென்பொருள் விற்பவர்களே மென்பொருளை எதிர்த்துக் கோஷம் போட்டது நல்ல வேடிக்கைதான், விளம்பரம் கிடைத்தது. 2004-ல் சேல்ஸ்ஃபோர்ஸ் பங்குச் சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டே சீபெல் தன்னை ஆரக்கிளிடம் விற்க ஒப்புக்கொண்டது. 2006-ல் அமேசான் சேமிப்பிடத்தையும் சர்வரையும் வாடகைக்கு விடத் தொடங்கிய பிறகு, சொந்த சர்வர் இல்லாமலே இத்தகைய நிறுவனம் தொடங்க முடிந்தது.

பழைய நிறுவனங்கள் மாறியதற்கு, ஃபோட்டோஷாப் தயாரிக்கும் அடோபி நல்ல உதாரணம். 2013-ல் மென்பொருளைப் பெட்டியில் போட்டு ஒரேயடியாக விற்பதை விட்டுச் சந்தாவுக்குப் போவதாக அறிவித்தது. பயனாளர்கள் கொதித்தார்கள். முந்தைய ஆண்டு 440 கோடி டாலராக இருந்த வருவாய் அந்த ஆண்டு 405 கோடியாக இறங்கியது. 2015-ல் ஏறத்தாழ 480 கோடியாக ஏறிவிட்டது. மாதப் பணம் சிறிதாகத் தெரியும். ஆனால் நின்றுவிடாமல் வந்தால் மொத்தப் பணத்தை விட உறுதியானது.

'நின்றுவிடாமல் வந்தால்' என்பதில்தான் உங்கள் மகளின் வேலை இருக்கிறது. ஆயிரம் வாடிக்கையாளர்கள் உள்ள ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் நூற்றுக்கு மூன்று பேர் விலகுகிறார்கள். கேட்பதற்குச் சிறிதாக இருக்கிறது. ஆண்டு முடிவில் மிஞ்சுபவர்கள் 694 பேர்தான். விற்பனைப் பிரிவு ஆண்டு முழுதும் ஓடியாடி முன்னூறு பேரைப் பிடித்தாலும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். பெட்டியில் விற்ற காலத்தில் விற்பனையோடு வேலை முடிந்தது. சந்தாவில் அதற்குப் பிறகுதான் பெரும்பகுதி தொடங்குகிறது.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று கேட்டால், இப்படி: ஒரு வாடிக்கையாளர் 40 பேருக்குச் சந்தா கட்டியிருக்கிறார். இந்த மாதம் உள்ளே நுழைந்தது 11 பேர். தரவைத் தரவிறக்கும் பொத்தானை மட்டும் வழக்கத்தை விட அதிகம் அழுத்தியிருக்கிறார்கள். மூட்டை கட்டுகிறார்கள் என்று பொருள். சந்தா புதுப்பிக்க இன்னும் மூன்று மாதம். உங்கள் மகள் பயன்பாட்டுப் பதிவுகளைத் துழாவ வேண்டும். பழைய பட்டியலை உள்ளே ஏற்றும்போது தேதி வடிவம் பொருந்தாமல் பாதியில் நின்றுபோனதையும், அதனால் ஊழியர்கள் எக்செல்லுக்கே திரும்பிவிட்டதையும் கண்டுபிடிக்க வேண்டும். பொறியாளர்களிடம் அதை அவர்கள் மொழியிலும், வாடிக்கையாளரிடம் அவர் மொழியிலும் சொல்ல வேண்டும். தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்கியூஎல் தெரியாதவர் இதைச் செய்ய முடியாது. பேசத் தெரியாதவரும் முடியாது. இதைக் கால் சென்டர் வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

புரோகிராம் எழுதுவதுதான் அவருக்கு உயிர் என்றால் கதை வேறு. இந்தத் துறையிலேயே அதற்கும் இடம் உண்டு. மென்பொருள் வாடிக்கையாளரின் அறையில் இல்லாமல் நிறுவனத்தின் கையில் இருப்பதால், அது நின்றால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நிற்கும். 99.9 சதவீத நேரம் இயங்கும் என்று வாக்களித்தால் ஆண்டுக்கு ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் நிற்கலாம். இன்னொரு 9 சேர்த்து 99.99 என்றால் 53 நிமிடம்கூடக் கிடையாது. இதைக் காக்கும் பொறியாளர் பிரிவை கூகுள் 2003-லேயே உருவாக்கியது. நள்ளிரவில் அழைப்பு வரும் வேலை அது, அதையும் சொல்லிவிடுகிறேன். இதை விரும்பினால் முதலிலேயே அந்தப் பிரிவில் முயலட்டும். வாடிக்கையாளர் பக்கம் சில ஆண்டுகள் இருந்துவிட்டுப் பொறியியலுக்குத் திரும்புவது எளிதல்ல என்பது என் கருத்து.

கம்பெனி தாங்குமா என்ற கேள்விக்கு உத்தரவாதம் தர என்னால் முடியாது. சேல்ஸ்ஃபோர்ஸே 2023 தொடக்கத்தில் ஊழியர்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைக் குறைப்பதாக அறிவித்தது. இப்போது இன்னொரு நெருக்கடியும் சேர்ந்திருக்கிறது. 'இத்தனை பேருக்கு இவ்வளவு' என்பதே சந்தாவின் கணக்கு. ஆட்களின் வேலையைச் செயற்கை நுண்ணறிவு செய்யத் தொடங்கினால் அந்தத் தலைக்கணக்கு குறையும். அதே நிறுவனம் 2024-ல் வாடிக்கையாளரோடு தானே உரையாடும் தன் செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்கு ஓர் உரையாடலுக்கு 2 டாலர் என்று விலை வைத்தது இந்த மாற்றத்தின் அறிகுறிதான். வழக்கமான கேள்விகளுக்கு வழக்கமான பதிலை அனுப்பும் பணிகள்தான் முதலில் அடிபடும். மேலே சொன்ன துப்பறியும் வேலை அவ்வளவு சீக்கிரம் போகாது என்று நினைக்கிறேன்.

எனவே ஒப்புக்கொள்ளும் முன் உங்கள் மகள் சில கேள்விகளைக் கேட்கட்டும். ஒருவர் பொறுப்பில் எத்தனை வாடிக்கையாளர்கள்? இருபது என்றால் கற்றுக்கொள்ளலாம். ஐந்நூறு என்றால் அது மின்னஞ்சல் அனுப்பும் வேலை. பயன்பாட்டுத் தரவை நேரடியாகப் பார்க்க அனுமதி உண்டா, அல்லது யாரோ தயாரித்த அறிக்கைதான் கிடைக்குமா? புதுப்பித்தல் இலக்கு அவர் தலையில் விழுமா, விற்பனைப் பிரிவின் தலையிலா? சென்ற ஆண்டு எத்தனை சதவீத வாடிக்கையாளர்கள் புதுப்பித்தார்கள்? கடைசிக் கேள்விக்கு நேர்காணல் செய்பவர் எண்ணைச் சொன்னால் நல்லது. மழுப்பினால், இன்னொரு நிறுவனத்தின் பதில் வரும்வரை கையெழுத்துப் போடாமல் இருக்கச் சொல்லுங்கள்.