பிரெஞ்ச் பிரஸ் வாங்கும் முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: நானும் என் மனைவியும் காலையில் சேர்ந்து காபி குடிப்போம். எனக்குப் பால் சேர்க்காத காபி. அவருக்குக் கொஞ்சம் பால் வேண்டும். எங்களிடம் இருந்த ஒரு லிட்டர் கண்ணாடி பிரெஞ்ச் பிரஸ் கழுவும்போது உடைந்துவிட்டது. இப்படி உடைவது இரண்டாவது முறை. இனி ஸ்டீலில் வாங்கிவிடலாமா? எந்த அளவு சரியாக இருக்கும்? கப்பின் அடியில் எப்போதும் மண்டி தங்குகிறதே, அது பிரஸ்ஸின் குறையா? இந்தக் காபி கொழுப்பைக் கூட்டும் என்று நண்பர் ஒருவர் பயமுறுத்துகிறார். அதுவும் உண்மையா?

பதில்: பிரெஞ்ச் பிரஸ் என்பது கொரகொரப்பான காபித்தூளை வெந்நீரில் ஊறவைத்து, மூடியின் தண்டில் பொருத்திய சல்லடையை மேலிருந்து அமுக்கி வடிக்கும் பாத்திரம். முதலில் அளவைப் பேசிவிடுவோம். உங்கள் மண்டிப் பிரச்சினையில் பாதி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பெட்டியில் '8 கப்' என்று போட்டிருப்பதைப் பார்த்து, நான்கு பேருக்கு ஆளுக்கு இரண்டு கப் என்று கணக்குப் போடுபவர்கள் நிறையப் பேர். பிரெஞ்ச் பிரஸ் செய்பவர்களின் கணக்கில் ஒரு கப் என்பது சுமார் 120 மி.லி.தான். 8 கப் என்றால் 1 லிட்டர். 4 கப் என்றால் அரை லிட்டர். 3 கப் என்றால் 350 மி.லி., அதாவது ஒருவர் குடிக்கும் ஒரே ஒரு பெரிய மக். கப் கணக்கை மறந்துவிட்டு மி.லி.யை மட்டும் பாருங்கள்.

உங்கள் இருவருக்கும் ஆளுக்கு 200 மி.லி. வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 60 கிராம் தூள் என்பது வழக்கமான விகிதம், 500 மி.லி. தண்ணீருக்கு 30 கிராம். ஊறிய தூள் தன் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துவிட்டுத் திருப்பித் தராது. அதில் 60 மி.லி. போயிற்று. கடைசியில் நிற்கும் 40 மி.லி.யை மண்டியோடு விட்டுவிடுவதுதான் நல்லது. மீதி 400. ஆனால் பாத்திரத்தை விளிம்புவரை நிரப்பினால் சல்லடையை இறக்க இடமிருக்காது, காபி மூடிக்கு மேலே வழியும். இரண்டு விரற்கடை இடமாவது விட வேண்டும். ஆக, விளிம்புவரை ஊற்றினால் 600 மி.லி. பிடிக்கும் பிரஸ் உங்களுக்குப் போதும். பெட்டியில் இருக்கும் எண் விளிம்புவரைக்குமான கொள்ளளவா, ஊற்ற வேண்டிய கோடுவரைக்குமானதா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் ஆளுக்கு ஆள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்.

பெரிதாக வாங்கிப் பாதி நிரப்பிக்கொள்ளலாமே என்று தோன்றும். நீங்களும் இத்தனை நாள் அப்படித்தான் செய்திருப்பீர்கள். ஒரு லிட்டர் பாத்திரத்தில் 400 மி.லி. ஊற்றினால் ஐந்தாறு செ.மீ. உயரத்துக்குத்தான் நிற்கும். அடியில் ஊதிப்போன தூள் ஒரு படுகை, அதன்மேல் சல்லடை, அதற்கும் மேலே கொஞ்சம்போல காபி. ஊற்றுவதற்காகச் சாய்த்ததும் இந்தப் படுகை முழுக்கக் கலைந்து காபியோடு சேர்ந்து வரும். போதாததற்கு, காலியாக இருக்கும் மேல்பாதிக் கண்ணாடியும் சூட்டை இழுத்துக்கொள்ளும். பெரிய பிரஸ்ஸில் சின்ன அளவு போடுவது இந்தக் கருவியை வீணடிக்கும் நிச்சயமான வழி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடையில் எல்லோரும் பாத்திரத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள், கைப்பிடியைப் பிடித்துப் பார்க்கிறார்கள். மூடியைக் கழற்றிச் சல்லடையைப் பார்ப்பவர் அபூர்வம். இதில் வேலை செய்யும் உறுப்பு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் வெந்நீர் நிற்கும் பாத்திரம்.

1852ல் பிரான்சில் மேயர், டெல்ஃபோர்ஜ் என்ற இருவர் இதற்கு முன்னோடியான ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்கள். ஓட்டைகள் போட்ட தகரத்தை இரண்டு ஃபிளானல் துணிகளுக்கு நடுவே வைத்து ஒரு தண்டில் பொருத்தியிருந்தார்கள். பிறகு 1929ல் மிலானைச் சேர்ந்த கலிமானியும் மொனேட்டாவும், 1958ல் பொந்தானினியும் அதை இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் பிரெஞ்ச், 1929ன் காப்புரிமை இத்தாலியர்களுடையது. (பொந்தானினியின் பிரஸ் பிரான்சில் ஒரு கிளாரினெட் தொழிற்சாலையில் தயாரானது என்பதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை.) இத்தனை பேரும் மல்லுக்கட்டியது ஒரே சிக்கலோடுதான்: சல்லடையின் விளிம்பு பாத்திரத்தின் சுவரோடு இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும், அதே சமயம் சிக்காமல் வழுக்கி இறங்கவும் வேண்டும். நடுவில் எவ்வளவு நுண்ணிய வலை இருந்தாலும் ஓரத்தில் இடைவெளி இருந்தால் தூள் அந்த வழியாக மேலே வந்துவிடும்.

அதனால் மூடியைத் தலைகீழாகப் பிடித்து, அடுக்குகளைத் திருகிக் கழற்றுங்கள். கையாலேயே கழல வேண்டும். ஸ்பேனர் தேடும் அளவுக்கு இருந்தால் நீங்கள் அதை ஒருநாளும் ஒழுங்காகக் கழுவப்போவதில்லை. திருகு மரை உலோகத்தில் இருக்கட்டும். பிளாஸ்டிக் மரை சீக்கிரம் தேய்ந்து, சல்லடை தண்டின் நுனியில் ஆட ஆரம்பிக்கும். வலையின் ஓரத்தில் கம்பி இழைகள் பிரிந்து நிற்கிறதா, மடித்து முடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஓரத்தைச் சுற்றி ஓடும் ஸ்பிரிங் எங்கேயும் நசுங்காமல் ஒரே சீராக இருக்க வேண்டும். ஸ்பிரிங்குக்குப் பதில் சிலிகான் வளையம் வைத்த மாடல்களும் உண்டு. அவை இன்னும் இறுக்கமாக அடைக்கும், ஆனால் வளையம் நாளடைவில் தளர்ந்துவிடும். மாற்று வளையம் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பிறகு எல்லாவற்றையும் பூட்டிக் காலிப் பாத்திரத்துக்குள் மெல்ல இறக்குங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி உரசல் தெரிந்தால் நல்லது. ஓர் இடத்தில் பிடித்து இன்னோர் இடத்தில் தொளதொளவென்று விட்டால் பாத்திரமோ தண்டோ கோணல் என்று அர்த்தம். வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.

இவ்வளவு பார்த்து வாங்கினாலும் மண்டி முழுவதும் போகாது. கொட்டையை அரைக்கும்போது மாவுபோன்ற துகள் கொஞ்சமாவது விழத்தான் செய்யும், அது எந்த உலோக வலைக்குள்ளும் புகுந்துவிடும். பிரெஞ்ச் பிரஸ் காபியின் கனமான வாய்நிறைவுக்கு அந்தத் துகளும் காபியின் எண்ணெயும்தான் காரணம். துளியும் மண்டி கூடாது என்பவருக்கு இந்தக் கருவியே பொருந்தாது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வலைக்கூடை வைத்த மாடல்களில் மண்டி வெகுவாகக் குறையும். நீங்கள் அதைத்தான் பெரிய குறையாக நினைக்கிறீர்கள் என்றால் அந்த வகையைப் பாருங்கள். விலை கூடும், கழுவும் வேலையும் கூடும்.

ஆனால் அதற்கு முன் தூளைப் பாருங்கள். நைசாக அரைத்த தூளைத்தான் போடுகிறீர்கள் என்றால் எந்தப் பிரஸ்ஸும் உங்களைக் காப்பாற்றாது. கல் உப்புபோலக் கொரகொரப்பாக இருக்க வேண்டும். பிளேடு சுழலும் கிரைண்டர் கொட்டையை வெட்டிச் சிதறடிப்பதால் பாதி மாவாகவும் பாதி துண்டாகவும் வரும். பற்களுக்கு நடுவே நசுக்கும் பர் கிரைண்டரில்தான் ஒரே சீராக வரும், கையால் சுற்றும் சின்ன கிரைண்டராக இருந்தாலும் போதும். கையிலிருக்கும் பணத்துக்கு விலையுயர்ந்த பிரஸ், நல்ல கிரைண்டர் இரண்டில் ஒன்றுதான் கட்டுப்படியாகும் என்றால் நான் யோசிக்காமல் கிரைண்டரைத்தான் எடுப்பேன். நைசான தூள் மண்டியை மட்டும் கொண்டுவருவதில்லை, வலையை அடைத்துத் தண்டையும் இறுக்கிவிடும். ஆரம்ப நாட்களில் அப்படி இறுகிய தண்டை ஒருமுறை உடம்பின் எடையை எல்லாம் போட்டு அமுக்கினேன். சல்லடை ஓரமாகச் சாய்ந்து, கொதிக்கும் காபி பீய்ச்சியடித்துச் சுவரெல்லாம் தெறித்தது. முகத்தைத் திருப்பியிருந்ததால் பிழைத்தேன். இறங்க மறுத்தால் அமுக்காதீர்கள். அரை அங்குலம் மேலே தூக்கி, சிறிது பொறுத்து, மறுபடி மெல்ல இறக்குங்கள்.

இப்போது கண்ணாடியா, ஸ்டீலா? நல்ல பிரஸ்களில் வருவது போரோசிலிகேட் கண்ணாடி. சூட்டில் அது விரிவடைவது சாதாரணக் கண்ணாடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் கொதிநீருக்கு எளிதில் வெடிக்காது. அது உடைவது பெரும்பாலும் இடி பட்டு: குழாயில் மோதி, சிங்க்கில் சாய்ந்து, உலோகக் கரண்டியால் கலக்கி. கரண்டி போடும் கண்ணுக்குத் தெரியாத கீறல் அன்று உடைக்காது, ஒரு மாதம் கழித்து உடைக்கும். உங்களுடையது இரண்டு முறையும் கழுவும்போதுதானே போயிற்று? இரண்டு முறை உடைத்தவருக்கு மூன்றாவது கண்ணாடியைச் சிபாரிசு செய்ய எனக்கு மனமில்லை. ஸ்டீலே வாங்குங்கள்.

ஸ்டீல் என்றால் இரட்டைச் சுவர் உள்ளதாக இருக்கட்டும். ஒற்றைச் சுவர் ஸ்டீல் கையைச் சுடும், சூட்டையும் காக்காது. இரட்டைச் சுவரிலும் இரண்டு வகை உண்டு: நடுவில் வெறும் காற்று இருப்பது, காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கியது. பின்னது பல மடங்கு மேல். கடையில் வெந்நீர் ஊற்றிப் பார்க்க விட்டால், சில நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். வெற்றிடம் என்றால் சூடு தெரியவே தெரியாது. உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாததால் உட்சுவரில் அளவுக் கோடு இருப்பதாக எடுங்கள். சூடு காக்கிறதே என்று அமுக்கிய காபியை அதிலேயே ஒரு மணி நேரம் வைத்திருக்கக் கூடாது. அமுக்கிவிட்டால் தூள் எங்கேயும் போய்விடவில்லை, அடியில் ஊறிக்கொண்டேதான் இருக்கிறது, காபி கசந்துகொண்டே போகும். மீதி இருந்தால் ஒரு பிளாஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.

கைப்பிடியில் நான்கு விரலும் நுழைய வேண்டும், பாத்திரம் நிறைந்திருக்கும்போது சாய்க்கக் கனமாக இருக்கக் கூடாது. தண்டின் மேல் குமிழ் வெறும் உலோகம் என்றால் சுடும். மூக்கு வழியாக ஊற்றியதும் கடைசிச் சொட்டு வெளியே வழிகிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். மரப் பிடி, செம்புப் பூச்செல்லாம் உங்கள் விருப்பம், காபிக்கு அவற்றால் ஒன்றும் இல்லை.

ஒருவருக்குப் பால், ஒருவருக்கு இல்லை என்பதற்கு இரண்டு பிரஸ் வேண்டாம். 500 மி.லி. தண்ணீருக்கு 35 கிராம் போட்டுக் கொஞ்சம் கெட்டியாகவே இறக்குங்கள். மனைவியின் கப்பில் பால், உங்கள் கப்பில் அதே அளவு வெந்நீர். முறை இதுதான்: பாத்திரத்தை முதலில் வெந்நீரால் அலசிச் சூடாக்குங்கள். கொதித்த தண்ணீரை அரை நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள். 92 முதல் 96 டிகிரிக்குள் இருக்கும். நான்கு நிமிடம் கழித்து மேலே திரண்டிருக்கும் தூள் ஏட்டைக் கலக்கிவிட்டு, மிதக்கும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். இன்னும் நான்கைந்து நிமிடம் சும்மா விட்டால் பெரும்பாலான மண்டி தானாகவே அடியில் படியும். பிறகு சல்லடையை அடிவரை அமுக்காமல், காபியின் மேல்மட்டத்தைத் தொடும் அளவுக்கு மட்டும் இறக்கி நிதானமாக ஊற்றுங்கள். பொறுமை இருக்கும் காலைகளில் நான் இப்படித்தான் செய்கிறேன். காபி இரட்டை வலையில் வடித்ததுபோல இருக்கும்.

கழுவும்போது தூளை சிங்க்கில் கொட்டாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி ஒரு வடிகட்டியில் கவிழ்த்தால் மொத்தமும் அதில் தங்கிவிடும். தினமும் அலசினால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வலை அடுக்குகளுக்கு நடுவே காபி எண்ணெய் தங்கிச் சிக்கு வாடை அடிக்கும், அது அடுத்த காபியிலும் ஏறும். வாரம் ஒருமுறையாவது முழுவதும் பிரித்து, சமையல் சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்துவிடுங்கள்.

கொழுப்பு விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வது பொய்யல்ல. காபி எண்ணெயில் கஃபெஸ்டால், காவியோல் என்று இரண்டு பொருட்கள் உண்டு. அவை ரத்தத்தில் எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பைக் கூட்டும். பேப்பர் வடிகட்டியில் அவை பெரும்பாலும் தங்கிவிடும், பிரெஞ்ச் பிரஸ்ஸின் உலோக வலையில் தங்காது. பால் சேர்த்தாலும் அவை எங்கும் போய்விடாது. உங்கள் இருவருக்கும் எல்.டி.எல். சரியாக இருந்தால் காலையில் ஒரு கப்புக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஏற்கெனவே கூடுதலாக இருந்தால், அல்லது நாளுக்கு நான்கைந்து கப் குடிப்பவர் என்றால், பிரஸ்ஸை விட்டுப் பேப்பர் வடிகட்டிக்கு மாறுவதே நல்லது. மருத்துவரிடம் பேசும்போது 'காபி குடிக்கிறேன்' என்று மட்டும் சொல்லாமல் எப்படி வடித்துக் குடிக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

உடைந்த ஒரு லிட்டர் பிரஸ்ஸின் சட்டமும் மூடியும் இன்னும் வீட்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பல மாடல்களுக்கு மாற்றுக் கண்ணாடி தனியாகக் கிடைக்கிறது. வீட்டில் நாலைந்து பேர் சேரும் நாட்களில் அந்த அளவுதான் கைகொடுக்கும். சட்டத்தின் உள்விட்டம், மூடியின் விட்டம், பழைய கண்ணாடி நின்ற உயரம் மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சல்லடையைக் கையோடு எடுத்துப்போய், புதுக் கண்ணாடிக்குள் ஒருமுறை இறக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.