மணிக்கூண்டுச் சுவரில் ஈரம்: சிமென்ட் அடைக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில், கம்பிரியாவின் ஒரு பழைய கிராமத் தேவாலயத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். கோட்டை மாதிரியான மணிக்கூண்டின் உள்சுவரில் ஈரம். கல் இடுக்குகளைச் சிமென்ட் வைத்து அடைத்தால் போதும் என்கிறார் ஒப்பந்தக்காரர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். கூண்டை எதற்காக அப்படிக் கட்டினார்கள் என்பதிலேயே காரணம் இருக்கிறது.

உங்கள் பக்கத்து பர்க் பை சாண்ட்ஸ் ஊரின் புனித மைக்கேல் தேவாலயத்தைப் போய்ப் பாருங்கள். 1307-இல் இறந்த மன்னர் முதலாம் எட்வர்டின் உடலை வைத்திருந்த இடம். ஸ்காட்லாந்துக்காரர்கள் எல்லை தாண்டி வந்து சூறையாடிய அந்த 14-ஆம் நூற்றாண்டில், ஊர்க்காரர்கள் ஓடி ஒளியவே கூண்டு எழுந்தது. சுவர் சுமார் 7 அடி கனம். கல், பழைய ரோமானியக் கோட்டையில் பெயர்த்தது. வெளியே வாசல் கிடையாது. தேவாலயத்துக்குள்ளிருந்து ஒரு குறுகிய வழி, அதற்கு இரும்புக் கிராதிக் கதவு. கீழ்த்தளத்துக்கு மேலே கல் வளைவுக் கூரை, தீ வைத்தாலும் பிடிக்காது. ஜன்னல் என்று பெயருக்குக் கீற்றுகள்.

எதிரி நுழைய முடியாத இடத்தில் காற்றும் நுழையாது. இப்படிப்பட்ட சுவரில் இரண்டு பக்கமும் கல், நடுவே சுண்ணாம்பும் கல் சல்லியும். உள்ளே போன மழைநீர் சுண்ணாம்பு இடுக்கு வழியாகத்தான் ஆவியாகும். அதைச் சிமென்டால் அடைத்தால் ஈரம் மணற்கல்லுக்குள் தேங்கும், பனிக்காலத்தில் உறையும், கல்லின் முகம் வெங்காயச் சருகாய் உரியும்.

'இலவச ஈரப் பரிசோதனை' என்று வருகிறவர்களிடம் ஜாக்கிரதை. அவர்கள் குத்திக் காட்டும் மீட்டர் மரத்துக்கானது. கல்லில் உப்பு இருந்தாலே அலறும். அடுத்து, சுவரில் துளையிட்டு ரசாயனம் ஏற்றலாம் என்பார்கள். 7 அடிச் சுவரிலா! விலைப்பட்டியல் அச்சடித்தே கொண்டுவருவார்கள்.

ஒரு விதிவிலக்கு. முந்தைய தலைமுறை ஏற்கெனவே சிமென்ட் பூசியிருக்கலாம். அது தளர்ந்திருந்தால் கையுளியால் எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை வையுங்கள். கல்லோடு இறுகியிருந்தால் தொடாதீர்கள். இயந்திரம் வைத்து அறுத்தால் கல்லின் விளிம்பே போய்விடும். அதற்குச் சிமென்டே தேவலை. எது தளர்ந்தது, எது இறுகியது என்று இடுக்கு இடுக்காகத் தட்டிப் பார்க்கத்தான் வேண்டும், குறுக்குவழி இல்லை.

பெரிய வேலைக்குத் திருச்சபையின் 'ஃபேகல்டி' அனுமதி தேவை. குழு, கடிதம், மறுபடி குழு என்று மாதங்கள் ஓடும். சூறையாட வந்த ஸ்காட்லாந்துக்காரர்கள்கூட ஊரை இத்தனை நாள் காக்கவைத்திருக்க மாட்டார்கள்! அதுவரை சும்மா இருக்காதீர்கள். அடுத்த பெருமழையில் குடையோடு வெளியே நின்று பாருங்கள். தண்ணீர் குழாயில் இறங்காமல் சுவரில் வழிந்தால், முதலில் ஆளை ஏற்றிக் கூரையோரத் தண்ணீர் வாய்க்காலில் அடைத்திருக்கும் இலைதழையை அள்ளச் சொல்லுங்கள்.