ஜெஃபிர் பாதை அடைச்சுக்கிட்டா டென்னசி பாஸ் கூட்ஸ் லைன்ல திருப்பி விட முடியாதா?

கேட்டவர் மேப்பை நல்லா பார்த்துதான் கேட்டிருக்கார். அமெரிக்காவுல பயணிகள் ரயில் விடுற ஆம்ட்ராக் கம்பெனியோட, சிகாகோவுலேர்ந்து எமரிவில் (சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம்) போற காலிஃபோர்னியா ஜெஃபிர் ரயிலுக்கு டென்வர் தாண்டினதும் மாஃபட் சுரங்கம் (6 மைலுக்கு மேல நீளம், 1928ல திறந்தது), அப்புறம் க்ளென்வுட் கேன்யன்னு வரிசையா இடுக்கு. பாறை விழுந்தாலோ டிராக் வேலை நடந்தாலோ வண்டி போக வழி கிடையாது. தெற்கே ப்யூப்லோவுலேர்ந்து ராயல் கார்ஜ் வழியா டென்னசி பாஸ்ங்கற கொலராடோ மலைக் கணவாய் ஏறி, க்ளென்வுட் கேன்யனுக்கு கிழக்கே டாட்செரோல ஜெஃபிர் பாதையோட வந்து சேருற லைன் மேப்புல தெளிவா தெரியுது, அதுல விட்டா என்னன்னு கேள்வி.

அந்த லைனை முழுசா கடந்து 1997லேர்ந்து கூட்ஸ் வண்டியே ஓடல. 1996ல யூனியன் பசிபிக்ங்கற கூட்ஸ் ரயில் கம்பெனி, இந்த லைனை வச்சிருந்த சதர்ன் பசிபிக் கம்பெனியை வாங்கினதும் அந்த மலைப்பாதை தேவையில்லன்னு நிறுத்திட்டாங்க. தண்டவாளம் பெரும்பாலும் அப்படியே கிடக்கு, கேனியன் சிட்டி பக்கம் கொஞ்ச தூரம் டூரிஸ்ட் ரயில் ஓடுது. இத்தனை வருஷம் சும்மா கிடந்த டிராக்ல பயணிகளை ஏத்தி ஒரு வண்டிய அனுப்ப யாருக்கும் மனசு வராது, வரவும் கூடாது.

நிஜமான மாத்துப்பாதை வடக்கேதான் இருக்கு. டென்வர்லேர்ந்து ஷயன் பக்கம் ஏறி லாரமி, ராலின்ஸ், ராக் ஸ்பிரிங்ஸ், எவன்ஸ்டன்னு வயோமிங்கை கடந்து ஆக்டன் வழியா சால்ட் லேக் சிட்டிக்கு இறங்குறது. ஷெர்மன் ஹில்லுல கடல் மட்டத்துலேர்ந்து 8,000 அடி உயரம் வரைக்கும் ஏறணும்னாலும் அது யூனியன் பசிபிக்கோட மெயின் கூட்ஸ் ரோடு, டபுள் டிராக், எப்பவும் பராமரிப்புல இருக்கு, கன்டெய்னரை ரெண்டு அடுக்கா ஏத்திக்கிட்டு போற லைன்ங்கறதால மாடி கோச்சுக்கு உயரப் பிரச்சனையும் இல்ல. இதைவிட முக்கியம், மாஃபட் பாதையும் இதே கம்பெனியோடதுதான், அதனால பேச வேண்டிய இடம் ஒண்ணே ஒண்ணு. பழைய ரூட்டும் இதுதான், 1983 ஜூலை வரைக்கும் இந்த வண்டிக்கு முன்னாடி இருந்த ஆம்ட்ராக்கோட சான் ஃபிரான்சிஸ்கோ ஜெஃபிர் வயோமிங் வழியாத்தான் போச்சு.

அப்ப ஏன் ஒவ்வொரு தடவையும் திருப்பி விடாம சில சமயம் ரத்தே பண்றாங்க? எல்லாரும் டிராக்கையே பார்க்கறோம், நான் பார்த்தவரைக்கும் இடிக்கறது ஆளுங்ககிட்டதான். ஆம்ட்ராக் டிரைவருக்கு வயோமிங் லைன் பழக்கம் இருக்காது. எந்த மேட்டுல எப்ப பிரேக் போடணும், எந்த வளைவுக்கு அப்புறம் சிக்னல் வரும்னு அந்த செக்ஷனுக்குத் தகுதி வாங்கினவர்தான் ஓட்டணும், இல்லன்னா அப்படி ஒருத்தர் பைலட்டா கூட உட்காரணும். அந்த பைலட்டை கூட்ஸ் கம்பெனிதான் தன்னோட வண்டியிலேர்ந்து எடுத்துக் கொடுக்கணும், ஒரு ஆள் 12 மணி நேரத்துக்கு மேல டியூட்டி பார்க்கக்கூடாதுன்னு சட்டம், அதனால வழியில மாத்தவும் ஆள் வேணும். அவங்ககிட்டயே ஆள் பத்தாத வாரம்னா என்ன பண்றது? எஞ்சின்ல இருக்குற பிடிசி (டிரைவர் தவறினா தானா பிரேக் போடுற பாதுகாப்பு அமைப்பு) கம்ப்யூட்டருக்கு அந்த லைனோட டேட்டா வேற ஏத்தியிருக்கணும்.

நான் ஒருதடவை ஆம்ட்ராக்கோட கோஸ்ட் ஸ்டார்லைட் ரயில்ல லாஸ் ஏஞ்சலஸ்லேர்ந்து வடக்கே போனப்போ கரையோர லைன்ல வேலைன்னு டெஹாச்சபி மலை வழியா திருப்பி விட்டாங்க. சாதாரணமா அந்த மலையில பயணிகள் ரயிலே கிடையாது, 1971லயே நின்னு போச்சு, இப்பவும் லாஸ் ஏஞ்சலஸ் பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு நடுவுல பஸ்தான். அங்க 1876ல கட்டின, தண்டவாளம் வளையமா சுத்தி ஏறுற லூப்ல, நீளமான வண்டின்னா தன்னோட வாலையே மேல கடந்து போகும், மேட்டுல கேமராவோட ஜனங்க நின்னு கை ஆட்டினாங்க, கோச்சு முழுக்க ஜன்னல் பக்கம்தான். இன்னொண்ணும் அன்னிக்கு நேர்ல புரிஞ்சுது. பயணிகள் வண்டிக்கு முதல் வழி விடணும்னு 1973லேர்ந்து சட்டம் இருக்கு, ஆனா எதிர்ல வர்ற 2 மைல் நீள கூட்ஸ், ஒதுங்கி நிக்கற பக்கத் தண்டவாளத்துக்குள்ள அடங்கலன்னா நாமதான் ஒதுங்கி நின்னாகணும், வேற வழியே இல்ல.

எனக்கு மனசு கேக்காத விஷயம் நடுவுல இருக்குற ஊருங்க. ஜெஃபிர் வயோமிங் வழியா போனா ஃப்ரேசர், கிரான்பி, க்ளென்வுட் ஸ்பிரிங்ஸ், கிராண்ட் ஜங்ஷன், ஹெல்பர், ப்ரோவோ எல்லாமே விட்டுப் போகும். பஸ் விட்டா உண்டு, பனி நாள்ல அதுவும் சந்தேகம். டென்னசி பாஸ் உயிரோட இருந்திருந்தா, அடைப்பு டாட்செரோவுக்கு கிழக்கே இருக்குற நாள்ல ஃப்ரேசரும் கிரான்பியும் மட்டும்தான் போயிருக்கும், மத்த ஊருக்கெல்லாம் வண்டி வந்திருக்கும். அந்த லைனை அப்படியே போட்டு வச்சது தப்புன்னு நான் நினைக்கறது இதனாலதான்.

நீங்க டிக்கெட் போட்டிருக்குறது டென்வருக்கும் சால்ட் லேக் சிட்டிக்கும் நடுவுல ஒரு ஸ்டேஷனுக்குன்னா, ரூட் மாத்தியிருக்காங்கன்னு தெரிஞ்ச உடனே பஸ் இருக்கான்னு போன் போட்டு கேட்டுடுங்க. வண்டி டைத்துக்கு காட்டுதுன்னு நம்பி ஸ்டேஷனுக்கு போயிடாதீங்க, அது உங்க ஊர் பக்கமே வராம போயிட்டிருக்கும்.