கேள்வி-பதில்: தண்ணீருக்குப் பலிக்கிற வர்த்தமானி, அரிசிக்கு ஏன் பலிப்பதில்லை?

கேள்வி: பஸ் நிலையத்துப் பெட்டிக்கடையில் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலுக்கு 100 ரூபா எடுத்தார்கள். கேட்டதற்கு, "குளிரில் வைத்துக் கொடுக்கிறோமே" என்றார்கள். சரியா? (மஸ்கெலியா)

பதில்: சரியில்லை. இலங்கையில் வர்த்தமானி (அரசாங்க அறிவித்தல் இதழ்) குறித்த உச்ச விலை, 2025 ஏப்ரல் 1 முதல் அரை லீற்றர் 70 ரூபா, ஒரு லீற்றர் 100, ஒன்றரை லீற்றர் 130. இதற்கு மேல் எடுத்தால் குற்றம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தை 2021இல் திருத்திய பிறகு, தனி வியாபாரிக்குக் குறைந்த தண்டமே ஒரு லட்சம். கம்பனிக்கு ஐந்து லட்சம். அந்த அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

கேள்வி: நாட்டரிசிக்கு (நாடு என்கிற அரிசி வகை) அரசாங்கம் விலை குறித்ததாகச் சொல்கிறார்கள். எங்கள் தோட்டத்துக் கடையில் அந்த விலைக்குக் கேட்டால் "முடிந்துவிட்டது" என்கிறார். அடுத்து வருகிறவருக்கு 20 ரூபா கூட்டி உள்ளேயிருந்து எடுத்துக் கொடுக்கிறார். அரசாங்கம் என்னதான் செய்கிறது? (தலவாக்கலை)

பதில்: கடைக்காரர் செய்வது இரண்டு குற்றம். இருப்பை மறைப்பது ஒன்று, கூட்டி விற்பது இன்னொன்று. 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இரண்டையும் தடுக்கிறது. சரி, சட்டம் அவ்வளவுதான். இனி என் வயிற்றெரிச்சல்.

2024 டிசம்பரில் வந்த வர்த்தமானியில் நாட்டரிசி மொத்த விலை 225, சில்லறை விலை 230. கடைக்காரருக்கு நிற்பது கிலோவுக்கு ஐந்து ரூபா. பொலனறுவை நெல் அரிசியாகி மலையேறி வருகிற கூலி, மூட்டையில் சிந்துவது, சம்பளம் வரும்வரை கடன் கொடுப்பது எல்லாம் அந்த ஐந்துக்குள் அடங்க வேண்டும். அதே மாதம் அரிசி இறக்குமதிக்கும் கதவைத் திறந்தார்கள். அப்போது இறக்குமதி நாட்டரிசிக்கு உச்ச விலை 220. அதற்குள் கிலோவுக்கு 65 ரூபா வரி! விலையைக் குறைக்கச் சொல்கிறவரே அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார்.

தண்ணீர்ப் போத்தலில் விலை அச்சடித்து வருகிறது, சின்னப் பிள்ளைகூட வாசித்துவிட்டுச் சண்டை போடலாம். சாக்கிலிருந்து நிறுத்துக் கொடுக்கிற அரிசியில் என்ன அச்சடித்திருக்கிறது? நெல் சந்தைப்படுத்தும் சபை 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அறுவடை நேரத்தில் அது போதிய நெல்லை வாங்கிக் களஞ்சியத்தில் வைத்திருந்தால், விலை ஏறும்போது சந்தையில் இறக்கலாம். கையில் நெல் இல்லாமல் தாளில் மட்டும் விலை போட்டால் நெல்லை வாங்கி அரிசியாக்கி விற்கிற பெரிய ஆலைக்காரர் எதற்குப் பயப்படப் போகிறார்? பரிசோதகர் மலையேறி வந்தால் அகப்படுவது ஐந்து ரூபாக்காரர்தான்.

அதற்காக உங்கள் கடைக்காரரை விட்டுவிடச் சொல்லவில்லை. பில் கேளுங்கள், கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். கடன் கொப்பியில் "அரிசி 5, மா 3" என்று எழுதிவிட்டு மாதக் கடைசியில் மொத்தத்தை மட்டும் சொல்கிறார்கள் இல்லையா? ஒவ்வொரு வரிக்கும் எதிரே கிலோ விலையை எழுதச் சொல்லுங்கள். முறைப்பாட்டுக்கு அந்தப் பக்கத்தின் படம் உதவும்.

கேள்வி: முகநூலில் பார்த்து 38,000 ரூபாவுக்கு போன் வாங்கினேன். பெட்டியும் இல்லை, பில்லும் இல்லை. இப்போது சிக்னல் வருவதில்லை, விற்றவரும் பேசுவதில்லை. (பண்டாரவளை)

பதில்: *#06# அழுத்தினால் பதினைந்து இலக்கம் வரும். ஆங்கிலத்தில் IMEI என்று போட்டு, ஓர் இடைவெளி விட்டு அந்த இலக்கத்தை எழுதி 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும். காசைக் கொடுக்கும் முன் செய்யவேண்டிய வேலை, தம்பி. பெட்டியும் பில்லும் இல்லாமல் 38,000 ரூபாவை நீட்டிவிட்டு என்னிடம் வந்தால் நான் எங்கே போய்த் தேடுவது?

கேள்வி: லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) வந்த இரண்டு பேர், அரசாங்கத் திட்டத்தில் பாதி விலை என்று சொல்லி அம்மாவிடம் தண்ணீர் வடிகட்டி ஒன்றை 18,000 ரூபாவுக்கு விற்றுவிட்டார்கள். இரண்டு வாரத்தில் ஒழுகுகிறது. நான் கொழும்பில் வேலை. துண்டில் ஒரு போன் இலக்கம் மட்டும்தான் இருக்கிறது. (லிந்துலை)

பதில்: முதலில் அம்மாவைத் திட்டாதீர்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு என்று வந்து நின்றால் படித்தவர்களே மயங்குகிறார்கள். கரண்ட் பில்லைப் பாதியாக்கும் என்று வாசலில் வாங்கிய பெட்டி ஒன்று என் வீட்டு அலுமாரி மேல் கிடக்கிறது. சிவப்பு விளக்கு மட்டும் அழகாக எரியும்.

விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு போக வேண்டும். நுவரெலியா மாவட்டச் செயலகத்திலேயே கொடுக்கலாம். தமிழில் எழுதுங்கள், சிங்களத்தில் கொண்டுவா என்று யாராவது சொன்னால் அம்மா திரும்பி வரவேண்டாம், தமிழும் அரசகரும மொழிதான். துண்டின் பிரதியை மட்டும் கொடுங்கள், மூலம் உங்களிடம் இருக்கட்டும். அரசாங்கத்தின் பெயரைச் சொல்லி விற்றிருப்பதால் பொலிஸிலும் ஒரு முறைப்பாடு போடுங்கள். பக்கத்து லயங்களிலும் விசாரியுங்கள். ஒரே வீட்டோடு திரும்பிப் போயிருக்க மாட்டார்கள்.

கேள்வி: பொலித்தீன் பைக்கும் காசு எடுக்கிறார்கள். இது பகல் கொள்ளை இல்லையா? (ஹட்டன்)

பதில்: இல்லை. 2025 நவம்பர் 1 முதல் இலவசமாகக் கொடுக்கக் கூடாது, பையின் விலை பில்லில் தனியாக வர வேண்டும். வீட்டிலிருந்து ஒரு பை கொண்டுபோங்கள்.